முழங்காலுக்குக் கீழே ஒரு முக்கோணம்

கூடத்தின் நடுவில் சாம்பல் நிறப் பேன்ட்டுகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றை இழுத்து மடியில் போட்டு, இடது கையில் பிடித்த பாதி பிளேடால் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஊக்கு. முழங்காலில் ஆரம்பித்து அடிப்பட்டி வரைக்கும் பிரிக்க வேண்டும். உள்ளே மடிந்து கிடக்கும் முக்கோணத் துண்டை உருவி எடுக்க வேண்டும். அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன டிச் பட்டன்களை அறுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பேன்ட்டை அம்மா பக்கம் தள்ள வேண்டும். அம்மா அதைப் பழையபடி மூடித் தைப்பாள்.

உருவிப் போட்ட முக்கோணங்கள் ஓரமாகச் சேர்ந்துகொண்டே போயின. கட்டம் போட்டது, புள்ளி வைத்தது, மெத்தை உறையில் மிஞ்சிய கோடு போட்டது, அப்புறம் பச்சையில் தாம்பாளம் அகலத்துக்கு மஞ்சள் பூப் பூத்த ஜன்னல் திரைத் துணி. வீட்டுக்கு வினையாக வந்தது இந்தக் கடைசித் துணிதான்.

அம்மா மெஷினில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் பேசியதெல்லாம் வேலைப் பேச்சுதான்.

"துணி கிழியாம பிரி."

"ம்."

"நூலைப் பொறுக்கிப் போடு. பெடல்ல சுத்துது."

"ம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஊக்குவுக்கு. திட்டு என்பது மழை மாதிரி, பெய்து ஓய்ந்துவிடும். இது மூடிக்கொண்டு நிற்கிற வானம்.

ஊக்கு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஆளும் அந்த வாகுதான். சட்டைக் காலரில் எந்நேரமும் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். யாருக்குப் பித்தான் தெறித்தாலும், யாருடைய பை வார் அறுந்தாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். கடைசி வகுப்பில் படித்தாள். எழுதுவது, தைப்பது, அடிப்பது எல்லாம் இடது கை.

அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடை முழுக்க அவள் அம்மாவின் மெஷினிலிருந்துதான் போனது. வருஷத்துக்கு ஒரு தடவை சாம்பல் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. லாரி ஓட்டிவிட்டு வரும் அப்பா துணிக்கட்டின் மேலேயே கட்டையைச் சாய்த்துவிடுவார். வாடகை, சோறு, ஊக்குவின் படிப்பு எல்லாமே அந்தத் துணியிலிருந்து வந்தவை. இத்தனை வருஷத்தில் ஒரு உருப்படிகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அம்மா அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் வேறு யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றிருப்பாள்.

நேற்று ஹெட்மாஸ்டர் சொன்னது இதுதான்: "எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் திங்கக்கிழமை கொண்டு வாங்க. அடுத்த வருஷத் துணி உங்ககிட்ட வருமா, வேற இடம் போகுமான்னு அப்பத்தான் சொல்ல முடியும்."

எல்லாம் பேன்ட்டின் கீழ்ப்பக்கத்தால் வந்த வினை.

அந்த வருஷம் எல்லாமே அவசர அவசரமாக மாறிக்கொண்டிருந்தது. போன வருஷம் வரை எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள் இந்த வருஷம் காதை மூடின. கிருதா கன்னத்தில் பாதிவரை இறங்கியது. சட்டைக் காலர் யானைக் காதாக விரிந்தது. பெண்கள் ரிப்பனைத் தூக்கிப் போட்டுவிட்டு நெற்றியில் முடி வெட்டிக்கொண்டார்கள். பள்ளி வாசலைத் தாண்டியதும் பாவாடையை இடுப்பில் ஒரு மடிப்பு மடித்தால் போதும், உயரம் குறைந்து புது மாடலாகிவிடும். ஆண்பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு வேண்டியது பெல்பாட்டம். முழங்கால்வரை தோலோடு ஒட்டி, அதற்குக் கீழே மணிபோல விரிந்து, தெருவைப் பெருக்கிக்கொண்டே வர வேண்டும். அதை இடுப்பில் மடித்து வரவழைக்க முடியாது.

வாசலில் டிரில் மாஸ்டர் நிற்பார். கழுத்தில் ஒரு கயிற்றில் விசில், இன்னொரு கயிற்றில் கத்தரி. கையில் மர ஸ்கேல். யாராவது வெளிக்கடையில் கொடுத்துப் பேன்ட்டைத் திருத்தி, அடி அகலம் ஸ்கேலில் அவர் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டினால், குனிந்து, பக்கத் தையல் ஓரமாக முழங்கால்வரை ஒரே இழுப்பு. அந்தப் பையன் அன்றைக்கெல்லாம் காலில் இறக்கை முளைத்த மாதிரி படபடத்துக்கொண்டு திரிவான். சாயங்காலம் கிழிந்த பேன்ட் ஊக்குவின் அம்மாவிடம் வந்து சேரும்.

அம்மாவுக்கு டிரில் மாஸ்டர் மேல் தனி மரியாதை. "மனுஷன் என்ன நேரா வெட்டறான் பாரு. தையலை விட்டு இம்மி நகரல."

அப்படி வந்த ஒரு பேன்ட்டை ஊக்கு ஒருநாள் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துண்டுத் துணி மூட்டை. ஹெட்மாஸ்டர் அறை ஜன்னலுக்கு அம்மா தைத்த திரையில் மிஞ்சியது மேலாக இருந்தது. சும்மா விளையாட்டுக்குத்தான், அந்தப் பூத்துணியை முக்கோணமாக மடித்து, வெட்டுப்பட்ட இடைவெளியில் செருகிப் பார்த்தாள். கால் குடைபோல விரிந்தது. முக்கோணத்தை உள்ளே மடித்தாள். குடை மூடிக்கொண்டது. திரும்ப விரித்தாள். திரும்ப மூடினாள். பெல்பாட்டத்துக்கு எங்கே வெட்ட வேண்டுமோ அங்கேயே டிரில் மாஸ்டர் வெட்டி அனுப்பியிருந்தார்!

வழி புரிந்துவிட்டது. முக்கோணத்தை இணைத்துத் தைத்து, உள்பக்கமாக மடித்து, மடிப்பை டிச் பட்டனால் பூட்டி, மேலே இஸ்திரி போட்டுவிட்டால் வெளியே வெறும் தையல் கோடுதான் தெரியும். வாசலில் அளந்தால் ஒழுங்கான பேன்ட். வாசலைத் தாண்டி விரலை விட்டு இழுத்தால் பெல்பாட்டம்.

முதல் ஆள் டேப்பு. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டு வந்து கொடுத்த டேப் ரெக்கார்டர் அவனிடம் இருந்ததால் அந்தப் பெயர். பள்ளி முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டின் பின்பக்கம் அதைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். பேட்டரி தீராமலிருக்க கேசட்டைப் பென்சிலால் சுற்றித் திருப்புவார்கள். பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"என்ன ஊக்கு இது, ஜன்னல் திரையாட்டம் இருக்கு?"

"ஜன்னல் திரைதான். வேணாம்னா குடு."

"ஐயோ, ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்குள்ள கோவமா தாயே?"

"நட."

நடந்தான்.

"ஓடு. சைக்கிள்ல ஏறு. இறங்கு. சம்மணம் போட்டு உக்காரு. எந்திரி. குதி."

"சர்க்கஸ்ல சேக்கப் போறியா என்னை?"

ஒரு பட்டனும் விடவில்லை. மறுநாள் காலை ஸ்கேல் வந்து தொட்டுவிட்டுப் போனது. சாயங்காலம் வாசல் திருப்பத்தில் டேப்பு குனிந்தான். டிக், டிக், டிக். நிமிர்ந்து, மஞ்சள் பூக்கள் தரையைத் தடவத் தடவ அவன் நடந்த நடையைப் பார்த்து எதிரே வந்த தண்ணி வண்டி நின்றுவிட்டது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? அம்மா கடைக்குப் போகிற நேரத்தில் ஊக்குவின் வீட்டுப் பின்வாசலில் வரிசை. காதும் காதும் வைத்தாற்போல வேலை நடந்தது. கூலி என்று அவள் எதுவும் வாங்கவில்லை. டேப் ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார ஒரு இடம் கேட்டாள், கொடுத்தார்கள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பாட்டைக் கேட்டுக்கொண்டே, விளிம்பை மடித்துக் கைத்தையலில் எம்மிங் போடுவாள். எந்தப் பாட்டைத் திரும்பப் போடுவது என்பதில் அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை. ஊசி அவள் கையில் அல்லவா இருந்தது.

ஆளுக்குத் தகுந்த துணி என்பதில் கறாராக இருந்தாள். வாயாடிக்குப் பெரிய பூ. கூச்சப்படுகிறவனுக்குத் தெரிந்தும் தெரியாத காப்பி நிறம். குள்ளமான பையனுக்கு முக்கோணத்தின் உச்சியை முழங்காலுக்கு மேலேயே ஆரம்பித்தாள். அவன் ஒரே வாரத்தில் வளர்ந்துவிட்டதாக வகுப்பே பேசிக்கொண்டது. அதே வகுப்பில் ஒரு காலில் இரும்புப் பட்டை போட்ட பையன் ஒருவன் இருந்தான். வாத்து என்று கூப்பிடுவார்கள். அவன் கேட்கவில்லை. இவளாகத்தான் கேட்டு வாங்கினாள். அவன் நடக்கும்போது எந்தப் பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பின்னாலேயே நடந்து பார்த்து, இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவில் வெட்டினாள். விரித்துவிட்டால் பட்டையும் தெரியாது, பூட்ஸும் தெரியாது. இரண்டு விளிம்பும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் போகும். அந்த வாரம் அவனை வாத்து என்று கூப்பிட ஆள் இல்லை. யாராவது வாய் தவறிக் கூப்பிட்டாலும் எல்லோரும் டேப்புவின் பக்கம் திரும்பினார்கள், டேப்புவின் நடைதான் அதிகமாக ஆடியது.

குட்டு உடைந்தது விளையாட்டு விழாவில்.

ஊக்கு எல்லாவற்றையும் சோதித்திருந்தாள், ஒன்றைத் தவிர. அந்தப் பள்ளியில் பெண்களுக்கு அணிவகுப்பு கிடையாது. மைதானத்தின் மறு கோடியில் வளையம் சுற்றுவார்கள், அவ்வளவுதான். பூட்ஸ் காலை முட்டிக்கு மேல் தூக்கி ஓங்கி மிதித்து நிற்பது என்றால் என்னவென்று அவள் செய்து பார்த்ததே இல்லை. பையன்களும் பயிற்சி முழுக்க அரைக்கால் சட்டையிலேயே செய்தார்கள். விழா அன்றுதான் முழுச் சீருடை. விழா முடிந்து ஊர் பார்க்க வெளியே நடக்கலாமே என்ற ஆசையில் எல்லோரும் முக்கோணத்தோடு வந்திருந்தார்கள்.

மேடையில் ஹெட்மாஸ்டர், பக்கத்தில் சிறப்பு விருந்தினர். அணி கம்பீரமாக வந்தது. மேடைக்கு நேராக டிரில் மாஸ்டர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ஹால்ட்!"

எல்லாக் கால்களும் ஒன்றாக மேலே போயின. ஒன்றாக இறங்கின. அந்த ஒரு மிதியில் டிக், டிக், டிக் என்று சோளப்பொரி பொரிகிற மாதிரி வரிசை முழுக்கச் சத்தம். சாம்பல் கால்களிலிருந்து கட்டமும் கோடும் புள்ளியும் வெடித்து விரிந்தன. முன்னால் கொடி பிடித்து நின்ற டேப்புவின் காலில் மஞ்சள் பூ காற்றில் சிலிர்த்தது. டிரில் மாஸ்டரின் வாயிலிருந்து விசில் விழுந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

விருந்தினர் எழுந்து நின்று கை தட்டினார். "பிரமாதம் சார்! இதுவரை எங்கயும் பாத்ததில்லை. யாரோட யோசனை?"

ஹெட்மாஸ்டர் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே டேப்புவின் காலைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மாடியில் தன் அறை ஜன்னலைப் பார்த்தார். அங்கேயும் அதே பூ ஆடிக்கொண்டிருந்தது.

விழா பார்க்க வந்திருந்த அம்மாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். யார் தைத்தது என்று கேட்டதற்கு அத்தனை பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். உள்ளே மேஜை மேல் கழற்றி வாங்கின ஒரு பேன்ட். டேப்பு அரைக்கால் சட்டையில் நின்றான்.

"துணி இவங்க வீட்டுத் துணிதான் சார்" என்றார் டிரில் மாஸ்டர்.

அம்மா பேன்ட்டை எடுத்தாள். உள்பக்கம் திருப்பினாள். எம்மிங் ஓரமாக விரலை ஓட்டினாள். கதவோரம் நின்ற ஊக்கு அந்த விரலையே பார்த்தாள். மகளின் தையலை அம்மா இருட்டில் தடவியே கண்டுபிடித்துவிடுவாள்.

"நான்தான் தைச்சேன் சார்" என்றாள் அம்மா.

துணியில் அரை அங்குலம் குறைந்தால்கூட மறைக்காமல் சொல்லிவிடுவாள் அந்த அம்மா. ஊக்கு உள்ளே வந்துவிட்டாள்.

"இல்ல சார். அம்மா பொய் சொல்றாங்க."

"நீ சும்மா இருடி."

"சார், எம்மிங்கைப் பாருங்க. வலது கையால தைச்சா இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாயுது. அம்மா தைச்ச சீருடை எதை வேணாலும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் சொந்தப் பேன்ட்டின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கியும் பார்த்துக்கொண்டார். அதுவும் அம்மா தைத்ததுதான்.

"இது உங்களுக்குத் தெரியாதா அம்மா?"

"தெரியாது சார். தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"அதானே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"குழந்தைச் சட்டைக்கு வெக்கற பட்டனைப் பேன்ட்டுக்கு வெப்பாங்களா யாராவது? கொக்கியில்ல வெச்சிருக்கணும்" என்றாள் அம்மா.

டிரில் மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டருக்கு முகம் இறுகியது. அதற்கப்புறம்தான் திங்கட்கிழமைக் கெடு.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பேன்ட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. டேப்பு கடைசி மூட்டையைப் பின்வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"முதுகு மட்டும்தான் தெரியுது."

"பேட்டரி மாத்திட்டோம் ஊக்கு. உன் பாட்டுதான் முதல்ல."

"போடா, போய்ப் படி."

அவன் போனதும் இரும்புப் பட்டை போட்ட பையன் வந்தான். கையில் மடித்த பேன்ட்.

"நீ அணிவகுப்புலயே இல்லையே. உன்னோடதை யாரும் பாக்கல. எதுக்குக் கொண்டு வந்த?"

"எல்லாரும் குடுத்துட்டாங்க" என்றான் அவன், தரையைப் பார்த்து. "நான் மட்டும் வெச்சுக்கிட்டா நல்லா இருக்காது."

ஊக்கு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிளேடை எடுத்தாள், வைத்தாள், குவியலுக்கு அடியில் செருகினாள், திரும்ப எடுத்தாள். மெஷின் நின்றது. அம்மா திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க குடு."

விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள் அம்மா. "ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. தப்பா வெட்டிட்டியா?"

"இல்லம்மா. அவன் காலை ஊனும்போது இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் அகலம் அதிகமா வெச்சா, நடக்கும்போது ரெண்டு விளிம்பும் ஒரே உயரத்துல போகும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

அம்மா அந்தப் பேன்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, பீரோவிலிருந்து நல்ல சாம்பல் துணியில் ஒரு முழுத் துண்டு எடுத்தாள். ஊக்குவின் முக்கோணங்களைப் பிரித்து, அவற்றையே அச்சாக மேலே வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். வெட்டினாள். அவை இருந்த இடத்தில் சாம்பல் துணியை, பட்டன் இல்லாமல், மடிப்பு இல்லாமல், நிரந்தரமாக வைத்துத் தைத்து முடித்தாள்.

"எம்மிங் நீ போடு" என்றாள். "உன் சாய்வே இருக்கட்டும்."

இதெல்லாம் நடந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பெல்பாட்டம் போய், காலோடு ஒட்டிய பேன்ட் வந்து, அதுவும் போய், மறுபடி பெல்பாட்டம் வந்து, அதுவும் போய்விட்டது. ஊக்குவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் பஸ் கம்பெனிகளுக்கும் சீருடை தைக்கிற ஒரு கூடத்தை நடத்துகிறாள். சொந்தமாக வாங்கிய முதல் சாமான் இடது கைக் கத்தரி. உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கும், கை வராதவர்களுக்கும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தவர்களுக்கும் அவள் கூடத்தில் தனி அளவு உண்டு. அவர்கள் வந்தால் இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன், அவர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பாள். இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த மாடலானாலும், வெளியே போவதற்கு முன் யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு, காலை முட்டிக்கு மேல் தூக்கி, ஓங்கித் தரையில் மிதித்துக் காட்ட வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்காது. காரணம் கேட்டால், "மிதிம்மா, அப்புறம் சொல்றேன்" என்பாள். மிதிப்பது பெரும்பாலும் பெண்கள்தான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மூட்டையின் ஒரு முனையை அம்மா பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்க, இருவரும் மாடிப்படி ஏறி ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனார்கள். ஜன்னலில் அதே மஞ்சள் பூ. அதைப் பார்க்காமலிருக்க ஊக்கு தரையைப் பார்த்தாள்.

ஹெட்மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். வெட்டுப்பட்ட தடமே இல்லை. அடியில் ஒன்று கையில் வந்தபோது நின்றார்.

"இது பிரிக்கலையே?"

"அது அந்தப் பட்டை போட்ட பையனோடது சார்" என்றாள் அம்மா. "சட்டத்துக்கு ஒத்து வராது, தெரியும். மறைச்சு வெக்கல, எல்லாத்தோட சேர்த்தே கொண்டு வந்திருக்கேன். பிரிக்கச் சொன்னீங்கன்னா இங்கயே உக்காந்து பிரிச்சுடறேன்."

"யாரு வெட்டினது?"

"அளவும் எம்மிங்கும் இவளோடது. வெட்டும் தையலும் என்னோடது."

அவர் அதை மேஜை மேல் விரித்தார். ஒரு விளிம்பின் மேல் இன்னொரு விளிம்பை வைத்தார். இரண்டும் பொருந்தவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார். கீழே மைதானத்தில் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் யாரைப் பார்த்தார் என்று ஊக்குவுக்குத் தெரியவில்லை. வெகு நேரம் பார்த்தார் என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்து, அந்த ஒரு பேன்ட்டை மட்டும் தனியாக மடித்து மற்றவற்றின் மேல் வைத்தார்.

"அடுத்த வருஷத் துணி வர்ற வாரம் வந்துடும்" என்றார். "வீட்டுல ஆள் இருக்கற நேரமாப் பாத்து இறக்கச் சொல்றேன்."

ஊக்குவுக்கு மூச்சு வந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மூட்டை கட்டின துணியை உதறி மடித்தாள். கிளம்பப் போகிறாள் என்று நினைத்தபோது, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைச் சரிசெய்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்:

"சார், அடி அகலம் பழைய அளவுதானா?"

முதல் மணி அடித்தது. ஹெட்மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார். ஊக்குவைப் பார்த்தார், அவள் காலரில் குத்தியிருந்த ஊக்கையும் பார்த்தார். விழா அன்றிலிருந்து மேஜை மேல் கிடந்த டிரில் மாஸ்டரின் சிவப்புக் கோடு போட்ட மர ஸ்கேலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மைதானத்துக்குப் போகப் படி இறங்கினார்.